பழைய மருந்து சீசாவும் அதன் லேபிளும்

பரணிலிருந்து பழைய மருந்து சீசா ஒன்று இறங்கினால் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? வெந்நீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவோம். சீசா பளிச்சென்று ஆகிவிடும். மணி பிளான்ட் வைத்து ஜன்னலில் தொங்கவிடலாம். ஆனால் பழைய மருந்து கம்பெனிகளின் பொருள்களைச் சேகரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வெந்நீரோடு போவதுதான் சரக்கு. மீதி இருப்பது வெறும் கண்ணாடி.

ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம் இது. இப்போது என் ஷோகேஸில் நாற்பது உருப்படிகளுக்கு மேல் இருக்கின்றன. சீசாக்கள், தகர டப்பாக்கள், இரண்டு எனாமல் போர்டுகள், கொஞ்சம் காகிதங்கள். பார்க்க வரும் நண்பர்கள் "இதெல்லாம் என்ன விலை போகும்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் காமர்ஸ் படித்தவன், கேள்வி எனக்குப் புரிகிறது. ஆனால் இவற்றை நான் விலைக்காகச் சேர்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வவுச்சரும் பேரேடும் பார்த்த கண்ணுக்கு, ஒரு மருந்து லேபிளும் வவுச்சர் மாதிரிதான் தெரிகிறது. அதிலுள்ள ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது, எந்த வருஷம் வந்தது, யார் கொடுத்த விலையில் வந்தது என்று தேடிக்கொண்டு போகலாம்.

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழுப்பு நிறச் சீசா ஒன்று வாங்கினேன். அதன் கண்ணாடியிலேயே ஓர் இரும்புப் பெட்டகத்தின் உருவம் புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கிறது. வங்கிக்காரன் கண்ணில் பெட்டகம் பட்டால் விடுவானா! அது வார்னர்ஸ் சேஃப் க்யூர் என்ற மருந்தின் சீசா. நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரத்தைச் சேர்ந்த எச்.எச். வார்னர் முதலில் தீப்பிடிக்காத இரும்புப் பெட்டகங்கள் விற்றவர். அதில் நன்றாகச் சம்பாதித்தார். தனக்கு வந்த சிறுநீரக நோயை ஒரு மருந்து குணப்படுத்தியது என்று சொல்லி, அதன் செய்முறையை வாங்கி 1879-ல் மருந்து கம்பெனி தொடங்கினார். பழைய தொழிலின் பெட்டகத்தையே புதிய தொழிலின் சின்னமாக்கிக்கொண்டார். ஆங்கிலத்தில் 'சேஃப்' என்றால் பெட்டகம், பாதுகாப்பானது என்று இரண்டு அர்த்தமும் உண்டல்லவா? விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்!

வார்னர் அந்தப் பணத்தில் ராசெஸ்டரில் ஒரு வான ஆராய்ச்சிக்கூடம் கட்டினார். புதிய வால்நட்சத்திரம் கண்டுபிடிப்பவருக்கு 200 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். எட்வர்ட் பார்னார்ட் என்ற ஏழை இளைஞர் ஒன்றன்பின் ஒன்றாக வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்து, பரிசுப் பணத்தைக் கொண்டே வீட்டுக் கடனை அடைத்தார். பின்னாளில் பெரிய வானியலாளராகப் பெயர் பெற்றவர் அவர். சிறுநீரக டானிக் விற்ற காசு வால்நட்சத்திரம் வழியாக ஒருவருக்கு வீடாக மாறிய இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது? வார்னரோ 1893-ல் அமெரிக்காவில் வந்த பண நெருக்கடியில் சொத்தை இழந்தார். கம்பெனி வேறு கைகளில் தொடர்ந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதே கம்பெனியின் பிற்காலச் சீசாக்களில் 'சேஃப் க்யூர்' என்ற பெயர் இல்லை. 'சேஃப் ரெமெடி' என்றிருக்கும். 'குணப்படுத்தும்' என்பது போய், 'பரிகாரம்' ஆகிவிட்டது. உள்ளே இருந்த மருந்து மனம் மாறியதால் அல்ல. 1906-ல் அமெரிக்காவில் உணவு மற்றும் மருந்துச் சட்டம் வந்தது. 1912-ல் அதற்குத் திருத்தம் வந்து, ஏமாற்றும் நோக்கத்தோடு 'இந்த நோய் தீரும்' என்று லேபிளில் பொய் எழுதுவது குற்றமானது. எழுதிய வார்த்தைக்கு இனி பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றதும் பல கம்பெனிகள் அந்த ஒரு சொல்லை மட்டும் மெதுவாகக் கழற்றி வைத்தன. சேகரிப்பவர்கள் சீசாவில் 'க்யூர்' என்று பார்த்தாலே, பெரும்பாலும் இது சட்டத்துக்கு முந்தைய சரக்கு என்று கணித்துவிடுவார்கள்.

1906 சட்டம் செய்த இன்னொரு வேலை இதைவிடப் பெரியது. மதுசாரம், அபின், மார்ஃபின், கொக்கெயின், ஹெராயின், குளோரோஃபார்ம் போன்ற பொருள்கள் உள்ளே இருந்தால் லேபிளில் அளவோடு சொல்ல வேண்டும் என்றது. கவனியுங்கள், விற்கக்கூடாது என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு விற்கலாம் என்றது. அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப் ஓர் உதாரணம். பல் முளைக்கும் குழந்தைகள் அழாமல் தூங்குவதற்காக 1849 முதல் விற்கப்பட்டது. அதன் விளம்பர அட்டைகளும் காலண்டர்களும் சேகரிப்பவர்களிடையே மிகவும் பிரபலம்; தாயும் கொழுகொழு குழந்தையுமாக, கண்ணை எடுக்க முடியாத வண்ணப் படங்கள். மருந்துக்குள் இருந்ததோ மார்ஃபின். குழந்தைகள் தூங்கின, சில எழுந்திருக்கவே இல்லை. 1911-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் வெளியீட்டில் குழந்தைகளைக் கொல்லும் மருந்துகள் என்ற தலைப்பிலேயே இதைச் சேர்த்தது. அந்த அட்டை ஒன்று வாங்கும் வாய்ப்பு எனக்கு வந்தது. படம் அழகுதான். ஷோகேஸில் தனியாக வைக்க மனம் ஒப்பவில்லை. மார்ஃபின் அளவு அச்சிட்ட லேபிளோடு ஒரு சீசா கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்று காத்திருக்கிறேன்.

பேயர் கம்பெனி 1898-ல் ஹெராயினை இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு வருஷம், 1899-ல், ஆஸ்பிரின் என்ற பெயரைப் பதிவு செய்தது. ஒரே கம்பெனி, அடுத்தடுத்த இரண்டு வருஷங்கள். ஒன்று இன்றும் நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிறது, மற்றது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது.

முத்திரை வில்லைகள் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தபால் தலை சேகரிப்பவர்களுக்கும் பிடிக்கும். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862-ல் கொண்டுவந்த வரியில் மருந்துகளும் சிக்கின. 1883 வரை அந்த வரி இருந்தது. ஸ்பெயினோடு நடந்த போரின்போது 1898-ல் திரும்ப வந்து 1902-ல் போனது. பெரிய கம்பெனிகள் தங்கள் பெயரும் படமும் போட்டுத் தனி வில்லையே அச்சடித்துக்கொள்ள அரசாங்கம் அனுமதித்தது. மூடியின் மேல் ஒட்டி, திறக்கும்போது கிழியும்படி வைத்திருப்பார்கள். கிழியாத வில்லை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இங்கிலாந்தில் இந்த வரி இன்னும் பழையது. 1783-ல் தொடங்கி 1941 வரை ஓடியது. ஒரு ஷில்லிங் வரை விலையுள்ள மருந்துக்கு ஒன்றரை பென்னி வரி. அதனால்தான் பழைய ஆங்கிலேய டப்பாக்களில் 1 ஷில்லிங் 1½ பென்னி என்ற விசித்திரமான விலை அச்சாகியிருக்கும். பீச்சம் மாத்திரை டப்பாவிலும் அதே விலைதான். தாமஸ் பீச்சம் 1840-களில் லங்காஷயர் சந்தைகளில் மாத்திரை விற்றுத் தொடங்கி, செயின்ட் ஹெலன்ஸில் தொழிற்சாலை வைத்து, உலகம் முழுக்க விளம்பரம் செய்தவர். ஒரு டப்பா ஒரு கினி பெறும் என்பது அவரது விளம்பர வாசகம். 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இதுபோன்ற ரகசிய மருந்துகளை ஆய்வு செய்து புத்தகம் வெளியிட்டது. பீச்சம் மாத்திரையில் இருந்தது கற்றாழைச் சாற்றுப் பிசின், இஞ்சி, சோப்பு. ஒரு டப்பாவிலிருந்த 56 மாத்திரைகளுக்கும் சேர்த்து மூலப்பொருள் செலவு சுமார் அரை ஃபார்த்திங்.

பழக்க தோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு ஃபார்த்திங் ஒரு பென்னி. அரை ஃபார்த்திங் என்றால் பென்னியில் எட்டில் ஒரு பங்கு. வரி போக விலை 12 பென்னி. மூலப்பொருள் செலவைப் போல 96 மடங்கு விலை! வேடிக்கை என்னவென்றால் அரசாங்கம் எடுத்துக்கொண்ட ஒன்றரை பென்னியே மூலப்பொருள் செலவைப் போல 12 மடங்கு. அரசாங்க முத்திரை ஒட்டியிருக்கிறதே, இது அரசாங்கம் ஒப்புக்கொண்ட மருந்து என்று வாங்கியவர்கள் பலர் நினைத்தார்கள். வரி வசூல் ரசீதைத் தரச் சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் 1906-க்குப் பிறகு 'இந்தச் சட்டப்படி உத்தரவாதம்' என்று வரிசை எண்ணோடு லேபிளில் போட்டு, அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்தது போலக் காட்டினார்கள். பிறகு அந்த வாசகத்தையே நிறுத்த வேண்டி வந்தது.

லேபிளில் ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதற்கு 1937-ல் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் மாசென்கில் கம்பெனி, அப்போது புதிதாக வந்திருந்த சல்ஃபானிலமைடு மருந்தைத் திரவமாக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தில் கரைத்தது. அது விஷம். சோதித்துப் பார்க்கவில்லை, சோதிக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அரசு அதிகாரிகள் விற்பனைப் பதிவேடுகளையும் மருந்துக் கடை ரசீதுகளையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் மிச்சச் சீசாக்களைப் பறிமுதல் செய்தார்கள். கம்பெனி மீது என்ன வழக்குப் போட முடிந்தது தெரியுமா? லேபிளில் 'எலிக்ஸிர்' என்று இருந்தது. எலிக்ஸிர் என்றால் மதுசாரம் இருக்க வேண்டும், இதில் இல்லை; ஆகவே தவறான லேபிள். அதற்கு 26,000 டாலருக்கு மேல் அபராதம். வெறும் 'கரைசல்' என்று எழுதியிருந்தால் அந்த வழக்கும் நின்றிருக்காது. மறு வருஷமே, விற்பதற்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற 1938 சட்டம் வந்தது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அதே ரசாயனம் 1986-ல் மும்பையில் மருத்துவமனைக் கிளிசரினில் கலந்து உயிர் குடித்தது. 2022-ல் காம்பியாவில் குழந்தைகளின் இருமல் மருந்தில் வந்தது. 2025-ல் மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகளைக் கொன்ற சிரப்பிலும் அதுதான். அந்தச் சீசா போனது நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து.

நம் ஊர்ப் பொருள்களுக்கு வருவோம். அண்ணா சாலையில் போகிறவர்கள் பழைய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடத்தைப் பார்த்திருப்பீர்கள், மினார்களும் வளைவுகளுமாக. கார்டில் பில்டிங் என்று பெயரிட்டு 1897-ல் அதைக் கட்டியது டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரி. அரண்மனை மாதிரி ஒரு மருந்துக் கடை! பின்னாளில் ஸ்மித் கம்பெனி ஸ்பென்சரோடு சேர்ந்துவிட்டது. 2006-ல் கட்டிடத்தை இடிக்கத் தொடங்கியபோது நீதிமன்றம் வரை போய்த்தான் நிறுத்த முடிந்தது. ஸ்மித் பெயர் போட்ட சீசா யாரிடமாவது இருந்தால், எனக்குக் கொடுக்க வேண்டாம், காட்டினால் போதும்.

நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் அமிர்தாஞ்சன். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கி, பிறகு சென்னைக்குக் கொண்டுவந்தார். சங்கீத சபாக்களில் இலவசமாகக் கொடுத்தே பழக்கப்படுத்தினார் என்று சொல்வார்கள். ஆந்திர பத்திரிகா என்ற ஏட்டை நடத்தியவரும் அவர்தான். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடைப்பயிற்சி போகிறவர்கள் தைலக்காரர் பெயரைத்தான் தினமும் சொல்கிறார்கள். கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராய் என்ற வேதியியல் பேராசிரியர் சில நூறு ரூபாயில் வாடகை வீட்டில் மருந்து தயாரிக்கத் தொடங்கி, 1901-ல் அதைப் பெங்கால் கெமிக்கல்ஸ் என்ற லிமிடெட் கம்பெனியாக்கினார். பரோடாவில் 1907-ல் அலெம்பிக் வந்தது. இவர்களுடைய பழைய டப்பா, சீசா, பங்குப் பத்திரம் எல்லாமே சேகரிக்கத் தக்கவை. வெளிநாட்டு லேபிள்தான் மருந்து, உள்நாட்டு லேபிள் சந்தேகத்துக்குரியது என்று மருந்துக் கடைக்காரர்களே நினைத்த காலத்தில் ஒட்டிய லேபிள்கள் அவை.

இந்திய லேபிளுக்கு வயது கண்டுபிடிக்க நான் பயன்படுத்தும் வழிகள் வங்கிக்காரன் வழிகள்தான். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. தயாரிப்பு லைசென்ஸ் எண் இருந்தால் 1940 மருந்துச் சட்டத்துக்கும் 1945 விதிகளுக்கும் பின்னால் வந்தது. நீரிழிவும் புற்றுநோயும் தீரும் என்று எனாமல் போர்டு பகிரங்கமாகச் சொன்னால், அது அநேகமாக அப்படி விளம்பரம் செய்வதைத் தடுத்த 1954 சட்டத்துக்கு முந்தையதாக இருக்கும். அநேகமாக என்றுதான் சொல்ல முடியும். சுவரில் அப்படி எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு.

கண்ணாடியைப் பார்ப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. அச்சின் இணைப்புக் கோடு சீசாவின் கழுத்தில் வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டால், வாய்ப்பகுதியைக் கையால் செய்திருக்கிறார்கள். கோடு விளிம்பு வரை ஏறினால் அது இயந்திரம் செய்தது. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903-ல்தான் வந்தது. பச்சை அல்லது நீல நிறத்தில், உடம்பு முழுக்க வரிவரியாகப் புடைத்த அறுகோணச் சீசா கிடைத்தால் அது விஷச் சீசா. மின்விளக்கில்லாத இரவில் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற லேபிள் அது.

சேகரிப்பவர்களில் மகாராஜா ஹென்றி வெல்கம். சைலஸ் பரோஸ் என்ற சக அமெரிக்கரோடு 1880-ல் லண்டனில் பரோஸ் வெல்கம் கம்பெனியைத் தொடங்கியவர். 'டேப்ளாய்ட்' என்ற சொல்லை 1884-ல் மாத்திரைக்கான வணிகப் பெயராகப் பதிவு செய்தவரும் அவரே. சின்னப் பத்திரிகைக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. ஆப்பிரிக்கா போன ஸ்டான்லிக்கும் தென்துருவம் போன ஸ்காட்டுக்கும் அவர் கம்பெனியின் மருந்துப் பெட்டிகள் போயின. அப்படிப்பட்ட பெட்டிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம். சம்பாதித்ததையெல்லாம் மருத்துவ வரலாற்றுப் பொருள்கள் வாங்குவதில் கொட்டினார். இந்தியாவுக்கும் பைரா மால் என்ற மருத்துவரை அனுப்பிக் கையெழுத்துப் பிரதிகள் சேர்த்தார். 1936-ல் அவர் இறந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். பெரும்பகுதி பிரிக்கப்படாத பெட்டிகளில். அவற்றைப் பிரித்து, பட்டியலிட்டு, பல அருங்காட்சியகங்களுக்குப் பங்கிட்டு முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. பேரேட்டில் ஏறாத சரக்கு இருந்தும் இல்லாததுதான். நாற்பது உருப்படி வைத்திருப்பவன் கோடீஸ்வரருக்குக் குறை சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள், என் நாற்பதுக்கும் நோட்டில் வரிசை எண் உண்டு. பீச்சம் கம்பெனியும் வெல்கம் கம்பெனியும் இணைப்புக்கு மேல் இணைப்பாகிக் கடைசியில் 2000-ல் ஒரே நிறுவனத்துக்குள், கிளாக்ஸோஸ்மித்கிளைனுக்குள் போய்விட்டன. வங்கி இணைப்புகளைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

ஆசை வந்தவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளின் தகர டப்பாவும் எனாமல் போர்டும் அங்கே வரும். புதிதாகச் செய்து துருவேற்றிய போலிகளும் கலந்திருக்கும். போர்டில் ஆணி ஓட்டைகளைப் பாருங்கள். வருஷக்கணக்கில் சுவரில் தொங்கியது என்றால் ஓட்டையைச் சுற்றி எனாமல் உதிர்ந்து, துரு உள்ளிருந்து பரவியிருக்கும். வண்ணம் மட்டும் தேய்ந்து ஓட்டை புதிதாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள். நூறு வருஷத்தைத் தாண்டிய பழம்பொருள்களுக்கு 1972-ன் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மருந்து மிச்சமிருக்கும் சீசாவைத் திறக்கவே திறக்காதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள். பாதரசமோ ஆர்செனிக்கோ இருக்கலாம். பழைய ஈதரும் பிக்ரிக் அமிலமும் வெடிக்கும் தன்மையுள்ளவை. அபின் சேர்ந்த பழைய மருந்தாக இருந்தால் சட்டச் சிக்கலும் உண்டு. பேரக்குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, விவரம் தெரிந்த மருந்தாளுநரைக் கேளுங்கள்.

காலி சீசா, டப்பா என்றால் லேபிளில் தண்ணீர் படாமல், மெல்லிய பிரஷ்ஷால் தூசி மட்டும் தட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். செல்லோடேப் ஒட்ட வேண்டாம். பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். வீடு ஒழிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் லேபிளின் நான்கு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, யார் வீட்டில், எந்த ஊரில் இருந்தது என்று ஒரு வரி எழுதி, நம் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் நான் நோட்டில் ஏற்றி வைக்கிறேன். சீசா உங்களிடமே இருக்கட்டும்.